சரந்தீப் மலையில் ஒரு காழி

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் இளமைக் காலத்தைக் கழித்தவர் எமது வாப்பா. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பின்னும், மழை பெய்யும் இரவுகளில் அவர் சொல்லும் கதை ஒன்றே. கடையின் சிங்களக் காவலாளியும் பக்கத்துக் கடைக் கணக்கப்பிள்ளையும் துணைவர, ஓர் இரவு முழுவதும் நடந்து ‘பாவா ஆதம் மலை’யின் உச்சியை அடைந்ததும், அங்கே மனித குலத்தின் தந்தையுடைய பாதச் சுவட்டைக் கண்டதுமே அக்கதை. நாம் மதரஸாவில் பட்டயம் பெற்று வந்த புதிதில், ஒரு நாள் அவர் அதைச் சொல்லத் தொடங்கியபோது இடைமறித்து, “வாப்பா, அதற்கு ஸஹீஹான ஆதாரம் எதுவும் இல்லை” என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அக்கதையை எம் முன்னிலையில் அவர் சொல்லவும் இல்லை. அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக!

நாம் சொன்னது தவறன்று. அதைப் பின்னர் விளக்குவோம். ஆயினும் அவர் கதையை முழுமையாகக் கேட்டு வைத்துக்கொள்ளாதது நமக்கு நேர்ந்த நட்டம் என்பதை, சில ஆண்டுகளுக்குப் பின் மாணவர்களுக்கு இஸ்லாமிய வரலாறு நடத்துவதற்காக இப்னு பதூதாவின் பயண நூலைக் கையில் எடுத்தபோதுதான் உணர்ந்தோம். வாப்பா நடந்த அதே மலையில், அவருக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன், மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த ஒரு காழி ஏறியிருக்கிறார். அவரோடு சென்றவர்களும் முஸ்லிம்கள் மட்டுமல்லர்.

இப்னு பதூதா 1304-இல் மொராக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்தவர். இருபத்தொன்றாம் வயதில், 1325-இல், ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுக் கிளம்பினார். ஹஜ் முடிந்தும் அவருடைய கால்கள் ஓயவில்லை. எகிப்து, ஷாம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா என்று அலைந்து டில்லியை அடைந்து, சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கிடம் காழியாகப் பணியாற்றினார். சுல்தான் அவரைச் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டுத் துறையில் புயல் எழுந்து கப்பல்களை அழித்தபோது, ஜும்ஆ தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்தமையால் உயிர் பிழைத்தார். தூதும் போயிற்று, சுல்தானின் காணிக்கைகளும் போயின. டில்லிக்குத் திரும்ப அஞ்சி, மாலத்தீவை அடைந்து அங்கும் காழியானார். அங்கும் அமைச்சரோடு பிணக்கு. 1344 ஆகஸ்டில் மாலத்தீவை விட்டு மஅபருக்கு, அதாவது நமது சோழமண்டலக் கரைக்கு, மரக்கலம் ஏறினார்.

மூன்று நாளில் கடக்க வேண்டிய கடல் அது. மாலுமிக்கு வழி தெரியவில்லை, காற்றும் ஒத்துழைக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவர்கள் கண்டது மஅபரை அன்று. புகைத் தூண் போல வானில் எழுந்து நின்ற ஒரு மலை அவர்கள் கண்ணுக்குத் தென்பட்டது. அதுவே சரந்தீப் மலை. வழி தவறியதால் வாய்த்த பயணம் இது.

கரை நெருங்கியதும் மாலுமிகள் நடுங்கினர். இந்தத் துறை ஆரியச் சக்கரவர்த்தியுடையது, அவர் கப்பல்களைக் கொள்ளையிடுபவர், இங்கே இறங்க முடியாது என்றனர். புயலோ நெருங்கிக்கொண்டிருந்தது. இப்னு பதூதா தம்மைக் கரையில் இறக்குமாறும், மன்னரிடம் அடைக்கலம் பெற்றுத் தருவது தம் பொறுப்பு என்றும் கூறினார். இறங்கினார். அந்த மன்னர் யாழ்ப்பாண இராச்சியத்தின் தமிழ் மன்னர். அப்போது புத்தளத்தில் தங்கியிருந்தார். மரப்பலகை மதில் சூழ்ந்த சிற்றூர் அது என்றும், ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுகளாய்க் கிடந்தன என்றும், மஅபர் மக்களும் மலபார் மக்களும் விலையின்றி அவற்றை ஏற்றிச் சென்று, பதிலுக்கு மன்னருக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகத் தந்தனர் என்றும் எழுதுகிறார். நம் முன்னோர் சுமந்து சென்ற துணிப் பொதிகளும் அவற்றுள் இருந்திருக்கலாம். புறக்கோட்டையில் வாப்பா துணி அளந்ததை நினைத்துக்கொண்டோம்.

மன்னருக்குப் பாரசீகம் தெரியும். தொலைதூர நாடுகளையும் அரசர்களையும் பற்றி நம் பயணி சொன்னவற்றை அவர் விரும்பிக் கேட்டார். ஒரு நாள் மன்னர் முன் முத்துக் குவியல் இருந்தது. முத்துக் குளிக்கும் இடங்களை நீர் கண்டதுண்டா என்று கேட்டு, சிறந்த முத்துக்களைத் தெரிந்தெடுத்து வழங்கினார். பின், வெட்கப்படாமல் வேண்டியதைக் கேளும் என்றார். இப்னு பதூதா பொன்னைக் கேட்கவில்லை. இத்தீவுக்கு வந்தபின் தமக்கு ஒரே விருப்பம்தான், ஆதமின் பாதத்தைக் காண வேண்டும் என்றார். இத்தீவு மக்கள் ஆதமை ‘பாபா’ என்றும் ஹவ்வாவை ‘மாமா’ என்றும் அழைப்பதாக அவர் குறித்திருக்கிறார். வாப்பாவின் வாயில் ‘பாவா ஆதம்’ என்று வந்த சொல்லின் வயதை அங்கே கண்டோம்.

மன்னர் செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். சுமந்து செல்ல ஒரு பல்லக்கு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசரின் ஆட்கள் பதின்மர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். காத்திருக்கும் மாலுமிகள் அவர் திரும்பும்வரை மன்னரின் விருந்தினர். ஒரு தமிழ் இந்து மன்னர், ஒரு மொராக்கோ முஸ்லிமை, யோகிகளும் பிராமணரும் வழிகாட்ட, பௌத்தர்கள் போற்றும் ஒரு மலைக்கு அனுப்பிவைக்கிறார். 1344-இல் இது ஒருவருக்கும் விந்தையாகப் படவில்லை.

வழி நெடுகிலும் நடந்தவற்றையெல்லாம் இங்கே சொல்ல இடமில்லை. மூங்கில் மிதவையில் ஆறு கடந்து, சலாவத் என்று அவர் எழுதும் சிலாபம் வழியாக, காடும் யானைகளும் தாண்டி, குனக்கார் என்னும் தலைநகரை அடைந்தனர். அது குருநாகலா, கம்பளையா, வேறோர் ஊரா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். மாணிக்கக் கற்கள் கிடைத்த ஊர் என்பதும், அரசரிடம் ஒரு வெள்ளை யானை இருந்தது என்பதும் அவர் தரும் செய்திகள். நம்மைத் தடுத்து நிறுத்துவது அந்நகருக்கு வெளியே இருந்த ஒரு பள்ளிவாசலின் வரலாறு.

ஷீராஸைச் சேர்ந்த ஷைகு உஸ்மான் என்பவருடைய பள்ளிவாசல் அது. அந்நாட்டு மன்னரும் மக்களும் அவரை நாடி வந்து மரியாதை செய்வர். மலைக்குச் செல்வோருக்கு வழிகாட்டியாக இருந்தவரும் அவரே. ஒரு முறை அவர் ஒரு பசுவை அறுத்தார். பசுவை அறுத்தவரையும் அவ்வாறே அறுப்பதோ, அதன் தோலில் சுற்றி எரிப்பதோ அங்குள்ள வழக்கம். ஷைகின் மீதிருந்த மதிப்பினால் உயிரைப் போக்காமல், ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினர். பிறகு ஒரு சந்தையின் வருமானத்தை அவருடைய வாழ்க்கைக்கு எழுதிவைத்தனர். நடக்க இயலாதவரானதும், அவருடைய மக்களும் பணியாளரும் வழிகாட்டும் பணியை மேற்கொண்டனர்.

இந்தப் பகுதியை வகுப்பில் படித்தபோது மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். கொடுமை என்றான் ஒருவன். அடைக்கலம் தந்த நாட்டின் வழக்கத்தை அறிந்தே மீறியது ஷைகின் பிழையல்லவா என்றான் இன்னொருவன். இப்னு பதூதா இரண்டையும் சொல்லவில்லை. தண்டனையையும் எழுதினார், சந்தை வருமானத்தையும் எழுதினார். இரண்டிற்கும் இடையே ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கை இழந்த பின்னும் ஷைகு அவ்வூரை விட்டுப் போகவில்லை என்பதும், மக்கள் அவரிடம் வருவதை நிறுத்தவில்லை என்பதும் நமக்குத் தெரிகின்றன. அதற்கு மேல் தீர்ப்பெழுத நாமும் துணியவில்லை.

முஸ்லிம்களுக்கு அத்தீவில் இருந்த மதிப்பின் வேரையும் அவர் ஒரு கதையாகத் தருகிறார். ஷீராஸின் பெரியார் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். முப்பது ஃபக்கீர்களுடன் இம்மலைக்கு வந்தபோது, காட்டில் பசியால் வாடிய தோழர்கள் ஒரு யானைக் கன்றைப் பிடித்து உண்டனர். ஷைகு தடுத்தார், தாம் உண்ணவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துக் கொன்றன. ஷைகை மோந்த யானை ஒன்றும் செய்யாமல் தும்பிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, மக்கள் வாழும் இடத்தில் இறக்கிவிட்டதாம். அதுமுதல் அந்நாட்டார் முஸ்லிம்களைத் தம் வீட்டினுள் அழைத்து, மனைவி மக்களுடன் இருத்தி உணவளிப்பார்கள் என்கிறார். கதையின் நம்பகத்தை எடைபோடுவது இருக்கட்டும். வீட்டினுள் அழைத்து உணவளித்ததை அவர் சொல்வது தம் காலத்து நடைமுறையாக.

அட்டைக் கடியைச் சொல்லாமல் இம்மலையைப் பற்றி எழுதியவர் எவருமில்லை போலும். நீரோரப் புல்லிலும் மரத்திலும் இருக்கும் அட்டை, ஆள் நெருங்கியதும் தாவி ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சையைப் பிழிந்தால் விழும். அதற்கென வைத்திருக்கும் மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டுவார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறார். எலுமிச்சையைப் பொருட்படுத்தாத ஒருவர் இரத்தம் இழந்தே மாண்டார் என்றும் சொல்கிறார். அவ்வழியிலுள்ள குரங்குகளுக்கு ஒரு தலைவர் உண்டு, அது இலைகளால் தலைப்பாகை கட்டிக் கோலூன்றி நடக்கும் என்பதும் அவர் நூலில் உள்ளது. ஆனால் அதைத் தாம் கண்டதாகக் கூறாமல், ஷைகு உஸ்மானும் அவருடைய மக்களும் சொன்னதாகக் கூறுகிறார். கண்டது வேறு, கேட்டது வேறு என்ற இந்தக் கவனம் ஹதீஸ் கலை பயின்றவருக்கே உரியது. குரங்கின் தலைப்பாகைக்கும் ஓர் இஸ்னாது!

மலையேற அன்று இரு பாதைகள் இருந்தன. ஒன்று பாபா பாதை, மற்றொன்று மாமா பாதை. மாமா பாதை எளிது. திரும்பும்போது அதில் இறங்குவர். அதில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே கணக்கில் கொள்ள மாட்டார்கள். பாபா பாதை கடினம். முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளைகள் அடித்து, அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலிகள் மொத்தம் பத்து. பத்தாவதற்கு ‘ஷஹாதா சங்கிலி’ என்று பெயர். அங்கே நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கலிமா ஷஹாதத்தை மொழிந்துவிடுவாராம். இப்னு பதூதாவுக்கு அரை நூற்றாண்டு முன் வந்த மார்க்கோ போலோவும் இச்சங்கிலிகளைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பத்தாம் சங்கிலி தாண்டி, கிழ்ரு (அலை) பெயரால் வழங்கும் ஒரு குகை. அருகே மீன் நிறைந்த ஊற்று. எவரும் அம்மீன்களைப் பிடிப்பதில்லை. பொருள்களை அங்கே வைத்துவிட்டு, இன்னும் இரண்டு மைல் ஏறினால் பாதச் சுவடு. குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குச் சென்றுவருவது வழக்கம். அவரும் அவ்வாறே செய்தார். மேலிருந்து பார்த்தபோது, மேகங்கள் தமக்குக் கீழே திரண்டு மலையடிவாரத்தை மறைத்திருந்தன என்கிறார். உள்ளங்கை அளவு ரோஜாக்களும், இலை உதிராத மரங்களும் அவரை வியக்கவைத்தன.

இனி அந்தச் சுவட்டுக்கு வருவோம். இப்னு பதூதா தரும் அளவு பதினொரு சாண். சீனர்கள் எப்போதோ வந்து பெருவிரல் பகுதியை வெட்டிக்கொண்டு போய்த் தம் நாட்டுக் கோயிலில் வைத்தார்கள் என்றும் எழுதுகிறார். அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய, 851-ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு வணிகக் குறிப்பொன்று, அம்மலையிலுள்ள பாதம் எழுபது முழம் என்றும், மற்றொரு பாதம் கடலில் ஊன்றியிருந்தது என்றும் கூறுகிறது. கடலில் இருந்து கேட்டவருக்கு எழுபது முழம். மேலே ஏறிக் கண்டவருக்குப் பதினொரு சாண்.

நபி ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடம் இன்னது என்று திருக்குர்ஆன் கூறவில்லை. ஆதாரபூர்வமான நபிமொழியும் இல்லை. ஹிந்து நாட்டில் இறங்கினார்கள் என்றும், ஹவ்வா (அலை) ஜித்தாவில் இறங்கினார்கள் என்றும், அரஃபாத்தில் சந்தித்தார்கள் என்றும் வரும் அறிவிப்புகளை இமாம் தபரீ (ரஹ்) போன்றோர் பதிவுசெய்துள்ளனர். இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் அஃராஃப் அத்தியாயத்தின் விளக்கவுரையில் இவ்வறிவிப்புகளை இஸ்ராயீலிய்யாத் வகையில் சேர்த்து, அவ்விடங்களை அறிவதில் நமது தீனுக்கோ துன்யாவுக்கோ பயன் இருந்திருந்தால் அல்லாஹ்வோ அவனுடைய தூதரோ கூறியிருப்பார்கள் என்னும் கருத்துப்பட எழுதியிருக்கிறார்கள். இளமையில் நாம் வாப்பாவிடம் சொன்னது இதைத்தான். நன்மையை நாடிப் பயணம் மேற்கொள்வதற்குரிய பள்ளிவாசல்கள் மூன்றே என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே அம்மலையில் ஏறுவதற்குத் தனியான சவாபு உண்டென்று எவரும் எண்ண வேண்டாம். அங்கே நேர்ச்சை செய்யவும் வேண்டாம்.

அந்தச் சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்றும், இந்துக்கள் சிவனுடையது என்றும், முஸ்லிம்கள் ஆதமுடையது என்றும், கிறித்தவர் சிலர் புனித தோமாவுடையது என்றும் சொல்லிவந்துள்ளனர். ஸ்ரீ பாத, சிவனொளிபாதமலை, பாவா ஆதம் மலை என்று ஒரே மலைக்குப் பெயர்கள் பல. 2,243 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு முற்றம் அளவே உள்ள உச்சி அது. இத்தனை பேர் உரிமை கொண்டாடியும், இப்னு பதூதா ஏறிய நாளில் அங்கே எவரும் எவரையும் தடுக்கவில்லை. காழியான அவர் தம் அகீதாவை யோகிகளிடம் விட்டுக்கொடுக்கவில்லை. யோகிகளைக் கீழே நிறுத்திவிட்டும் போகவில்லை.

திரும்பும் வழியில் அவர் கண்ட ஊர்களில் பெரியது தீனவர் என்னும் தேவிநுவர. கடற்கரையிலுள்ள அப்பெருநகரில் மாபெரும் கோயில் ஒன்றிருந்தது. ஆயிரம் பிராமணரும் யோகியரும், ஆடிப் பாடும் ஐந்நூறு மகளிரும், மனித அளவில் பொன்னாலான ஒரு சிலையும், அதன் கண்களில் இரு பெரும் மாணிக்கங்களும் அங்கிருந்ததாகக் குறிக்கிறார். அக்கோயிலைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் அழித்தனர். காலியில் இப்ராஹீம் என்னும் முஸ்லிம் நாகுதா அவருக்கு விருந்தளித்தார். பின்னர் கொழும்பு. சரந்தீபின் மிக அழகிய, மிகப் பெரிய நகரங்களில் ஒன்று என்று அதைப் புகழ்ந்துவிட்டு, கடலுக்கு அதிபதியான ஜாலஸ்தி என்னும் வசீர் ஐந்நூறு அபிசீனியருடன் அங்கே வாழ்ந்தார் என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார். மலைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர் நகருக்கு இரண்டு வரிதான் ஒதுக்கினார்.

புத்தளத்தில் மன்னரிடம் விடைபெற்று மஅபருக்குப் புறப்பட்டவர், மரக்கலம் உடைந்து, நம் கரையில் தப்பிப் பிழைத்து, மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாம்கானியிடம் சேர்ந்தார். சுல்தானின் மனைவியும், டில்லியில் இப்னு பதூதா மணந்திருந்தவரும் உடன்பிறந்தோர். உறவினர், முஸ்லிம், விருந்தளித்தவர். இருந்தும், அந்தச் சுல்தான் சிறைப்பிடித்த இந்துக்களைக் கழுவேற்றியதையும், அவர்களுடைய பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதையும் மறைக்காமல் எழுதினார். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோருடன் கொல்ல ஆணையிட்டபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதினார். இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் கண்டதில்லை என்றும், அதனாலேயே அல்லாஹ் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளித்தார். புத்தளத்து மன்னரின் நல்லுபசாரத்தையும் மதுரைச் சுல்தானின் கொடுமையையும் அடுத்தடுத்து எழுதிய பேனா ஒன்றே. நம் மேடைகளில் முதலாவதைச் சொல்பவர் அரிது. இரண்டாவதைச் சொல்பவர் அதனினும் அரிது. நம்மைப் பழிப்பதற்கென்றே இப்பகுதியை எடுத்துக்காட்டுவோர் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதை எழுதிவைத்தது ஒரு முஸ்லிம் காழி என்பதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

புத்தளத்து மன்னர் தந்த முத்துக்களும் மாணிக்கங்களும் அவரிடம் நிலைக்கவில்லை. கொல்லத்திலிருந்து வடக்கே சென்றபோது, ஹொன்னாவருக்கு அண்மையில் கொள்ளையர் பன்னிரண்டு படகுகளில் சூழ்ந்து, கால்சட்டை நீங்கலாக அனைத்தையும் பறித்துக்கொண்டனர். முன்பு எழுதி வைத்திருந்த குறிப்புகளும் கடற்கொள்ளையில் போயின என்று வேறோரிடத்தில் கூறுகிறார். 1355-இல் மொராக்கோவின் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸய் என்னும் எழுத்தாளர் எழுத, அவர் சொல்லச் சொல்ல முடிந்த நூல், பெரும்பாலும் நினைவிலிருந்து வந்தது. ஆதலால் ஊர்ப் பெயரும் நாள் கணக்கும் சில இடங்களில் பிசகும். பத்துச் சங்கிலிகள் மட்டும் அவருக்குப் பிசகவில்லை.

சென்ற தை மாதம், மூத்த மகனோடு நாமும் கொழும்பு சென்றோம். புறக்கோட்டையில் வாப்பா வேலை பார்த்த தெருவைக் கண்டுபிடித்தோம். கடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமாக மாதுளை முத்துகளை நினைவூட்டும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். அவர் ஐவேளையும் நின்ற ஸஃப்பில் நின்றோம் என்ற எண்ணமே போதுமாயிருந்தது. மாலையில் தேசிய அருங்காட்சியகம். அங்கே காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹ, 1409-ஆம் ஆண்டிட்டுச் செதுக்குவித்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குமாக மூன்று மொழிகளில் காணிக்கைகளைக் கூறும் கல் அது. தென்னாவரை என்பது இப்னு பதூதா கண்ட அதே தீனவர். ஜெங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மகன் அந்தக் கல்லில் தமிழ் எழுத்துகளைத் தேடி நெடுநேரம் நின்றான். எழுத்துகள் மிகவும் தேய்ந்திருக்கின்றன.

கோட்டை நிலையத்தில் ரயிலேறி ஹட்டன். அங்கிருந்து பேருந்தில் நல்லதண்ணி. மார்கழி முழுநிலவு தொடங்கி வைகாசி முழுநிலவு வரை ஏறும் பருவம். வழியெங்கும் விளக்குகள் எரியும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கினோம். எண்பது வயது மதிக்கத்தக்க சிங்கள மூதாட்டியைப் பேரன்கள் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எமக்கு மூச்சு வாங்கி நின்ற ஒவ்வொரு முறையும் அவர் எம்மைக் கடந்து சென்றார். ஃபஜ்ர் நேரத்தில் வழியோரத் தேநீர்க் கடையில் கிப்லாத் திசையை விசாரித்தோம். கடைக்காரருக்குக் கிப்லா என்றால் என்னவென்று தெரியவில்லை. தொழப்போகிறோம் என்று புரிந்ததும் மூலையில் இருந்த பெட்டிகளை நகர்த்தி, ஒரு சாக்கை உதறி விரித்தார். கைபேசியில் மகன் திசை பார்த்துச் சொன்னான்.

சங்கிலிக்குப் பதிலாக இப்போது இரும்புக் கைப்பிடிகள். உச்சியில் கூட்டம் மிகுதி. சுவடு இருக்கும் இடத்தை நாம் நெருங்கவும் இல்லை, நெருங்க விரும்பவும் இல்லை. சூரியன் எழுந்ததும் எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மீது விழுந்து, மெல்ல மெல்லச் சுருங்கியது. ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றான் மகன். வாப்பாவும் அந்த நிழலைச் சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியதும், எண்பதைத் தொடும் உம்மா பேரனைப் பக்கத்தில் இருத்தி, “மேலே என்ன கண்டாய், உன் அப்பா சொன்ன மாதிரியே இருந்ததா?” என்று கேட்டார்கள். எமது ஊரில் வாப்பாவின் வாப்பாவை ‘அப்பா’ என்போம். பேரனுக்கு அப்பா சொன்ன கதை தெரியாது. அவர் மறைந்தபோது அவன் கைக்குழந்தை. உம்மாவே சொல்லத் தொடங்கினார்கள். காவலாளியின் பெயரும், கணக்கப்பிள்ளை வழியில் செருப்பைத் தொலைத்ததும், மூவரும் ஒரே போர்வையில் உச்சியில் விடியலுக்குக் காத்திருந்ததும் உம்மாவுக்கு நினைவிருந்தன. இம்முறை நாம் இடைமறிக்கவில்லை.